இரும்பு படாமல் ஒரு காரைத் தூக்கியது

என் காரின் அடியில் வெல்டிங் வைக்க மாட்டோம் என்று சிவகாசியில் மூன்று பட்டறைக்காரர்கள் அடுத்தடுத்துக் கையை விரித்துவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். டிரைவர் சீட்டுக்குக் கீழே தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் போனால் கால் நனையும்.

மூன்றாவது பட்டறைக்காரர் மட்டும் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. தெனமும் பயர் ஆபீசுக்குப் போய்ட்டு வர்ற வண்டி. அடியில ஒட்டியிருக்கது மண்ணா மருந்தான்னு யாருக்குத் தெரியும்? சுத்தமா வழிச்சு எடுத்துட்டுக் கொண்டாங்க, நான் வெல்டிங் வைக்கேன்."

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்; மருந்து என்றால் வெடிமருந்து. நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயர் ஆபீசில் போர்மேன். வண்டியை கேட்டுக்கு வெளியே தள்ளித்தான் நிறுத்துவேன். அடியில் ஒரு சிட்டிகை மருந்துகூட இருக்க வழியில்லை என்று அவரிடம் வாதாடியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை என் சட்டையில் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடரே பளபளவென்று ஆமோதித்துக்கொண்டிருந்தது. தவிரவும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

வாட்டர் சர்வீசில் ஏற்கனவே ஒருமுறை கொடுத்துப் பார்த்திருந்தேன். பீய்ச்சியடித்த தண்ணீரில் மேல் மண் போனது. என்ஜின் ஆயிலோடு சேர்ந்து இறுகிப்போன கரிசல் மண் அப்படியே இருந்தது. அதைக் கையால்தான் சுரண்ட வேண்டும். சர்வீஸ் கடையில் இரும்புக் கம்பியை வைத்துக் கரகரவென்று சுரண்டினார்கள். எனக்குப் பார்க்கவே ஒப்பவில்லை. போதும் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளி முடிந்திருந்தது. ஆபீஸ் ஒரு மாதம் பூட்டு. விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கார் ஷெட் இருக்கிறது. சிமெண்டுத் தரை, தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். வண்டியை அங்கேயே தூக்கி நிறுத்தி, அடியைச் சுரண்டிக் கழுவி, முன்சக்கரங்களைக் கழற்றி மட்காடுக்குள்ளேயும் தேய்த்து, கடைசியில் மேலே பாலிஷும் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எதைக் கொண்டு தூக்குவது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்து அறைக்குள் இரும்பு வரக் கூடாது. சல்லடை பித்தளை, கரண்டி அலுமினியம், தட்டுகிற கட்டை மரம். கதவில்கூட இரும்பு ஆணி தெரியக் கூடாது. பெண்கள் ஹேர்பின்னைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். செருப்பு கிடையாது. தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டிருக்கும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. பொறி வந்தால் அறை இல்லை. இருபது வருஷம் இதையே பார்த்துப் பார்த்து, சமையலறையில் மனைவி இரும்புக் கரண்டியால் தோசைக்கல்லைச் சுரண்டினால்கூட எனக்குப் பல் கூசும்.

இரண்டாவது விதி, வழியில் எதுவும் கிடக்கக் கூடாது. ஏதாவது ஆனால் ஆள் வெளியே ஓட வேண்டும். கால் தடுக்கக் கூடாது. இதில் நான் பொல்லாதவன். அந்த சீசனில் ஓர் அறை வாசலில், அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா ஈரச் சாக்கு ஒன்றை விரித்து வைத்திருந்தார். "எடு அதை" என்று ஒரு சத்தம் போட்டேன். மறுபேச்சில்லாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். என் பேச்சுக்கு ஆபீசில் மறுபேச்சு கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் மனைவியின் தம்பி வேன் டிரைவர். ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து வேறொரு பயர் ஆபீசில் இறக்குவான். வண்டியைத் தூக்குவது எப்படி என்று அவனுக்குத் தெரியும் என்பதால் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

வண்டியோடு வந்த ஜாக்கி, கைப்பிடியைச் சுற்றினால் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து உயரும். பஞ்சர் ஆனால் டயர் மாற்ற அது போதும். அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது என்று மச்சினன் முதலிலேயே சொல்லிவிட்டான். அவன் வேனில் ஒரு பாட்டில் ஜாக்கி இருந்தது. எவ்வளவு எடையையும் தூக்கும். ஆனால் ஆயில் கசிந்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் விரற்கடை இறங்கியிருக்கும். கடைக்காரர் டிராலி ஜாக்கி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து காட்டினார். நாலு சக்கரம், நீளமான கைப்பிடி, நாலைந்து அழுத்தில் வண்டி மேலே வந்துவிடுமாம். இரும்பில் செய்த சரிவுப் பலகைகளும் இருந்தன. அதன்மேல் வண்டியை ஓட்டி ஏற்றினால் போதும். ஆனால் சக்கரத்தைக் கழற்ற முடியாது, அதனால் வேண்டாம் என்றேன்.

"டிராலி ஜாக்கிய எடுங்க மச்சான். கூட நாலு ஸ்டாண்டு எடுங்க. தூக்குறது ஜாக்கி, தாங்குறது ஸ்டாண்டு. அம்புட்டுத்தான் வேல" என்றான் மச்சினன்.

ஸ்டாண்டு என்பது முக்காலி மாதிரி மூன்று காலோ நாலு காலோ வைத்த இரும்புத் தாங்கி. நடுவில் பல்பல்லாகக் கம்பி. வேண்டிய உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கடைக்காரர் அந்தப் பல்லைக் கடகடவென்று ஏற்றி இறக்கிக் காட்டினார். எனக்கு முதுகு சிலிர்த்தது. இந்த இரும்பு, வண்டியின் இரும்புச் சட்டத்தில், அதுவும் மருந்து இருக்குமோ என்று ஊரே பயப்படுகிற இடத்தில் உரசப் போகிறது.

"இது பித்தளையில வருமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், குத்துவெளக்கா வாங்க வந்திருக்கோம்?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டிராலி ஜாக்கியை மட்டும் வாங்கினேன். ஸ்டாண்டுகளை வேண்டாம் என்றுவிட்டேன். ஜாக்கியும் இரும்புதானே என்று மச்சினன் மடக்கினான். தூக்குகிற வரைக்கும்தான் அது இருக்கும்; அதன் தலையில் ரப்பர் வைத்துவிடலாம்; தூக்கி முடித்ததும் வெளியே எடுத்துவிடலாம் என்றேன். அவனுக்கு வாயடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், கிறுக்கனோடு என்ன பேச்சு என்று விட்டிருக்கிறான்.

தாங்குவதற்கு மரம் போட்டேன். அறுவை மில்லில் வாகைக் கட்டைகள் அறுத்து வாங்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கினால் வேண்டிய உயரம் வரும். மில்லில் இருந்தவர், "அடுக்குற கட்டை நகராம நாலு ஆணி அறைஞ்சு தாரேன்" என்றார். ஆணியா! வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து சணல் கயிற்றால் நானே இறுக்கிக் கட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

ஷெட்டில் தரை முழுக்க ரப்பர் விரிப்பைப் போட்டேன். ஆபீசில் கழித்துப் போட்டதில் நல்லதாகப் பார்த்து எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்தது. மச்சினனைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். நைலான் பனியனைக் கழற்றிப் பருத்திச் சட்டை போடச் சொன்னேன். மண்ணைச் சுரண்ட மூங்கில் பட்டையைச் சீவிக் கொடுத்தேன். அவன் எல்லாவற்றுக்கும் "சரி மச்சான், சரி மச்சான்" என்று சொல்லிக்கொண்டே செய்தான்.

ஜாக்கியை அழுத்தும்போது ஒரு சின்னத் தகராறு. வண்டி மேலே வர வர ஜாக்கி சக்கரத்தில் உருண்டு முன்னே போக வேண்டுமாம். ரப்பரில் அது உருளவில்லை. விரிப்பையே சுருட்டி இழுத்தது.

"ரப்பரை எடுங்க மச்சான், ஜாக்கி உருளணும்" என்றான்.

"எல்லாம் உருளும், நீ அழுத்து" என்றேன்.

வண்டி எழும்பியது. முன்பக்கம் இரண்டு பக்கமும் கட்டை அடுக்குகளை வைத்தோம். ஜாக்கியை இறக்கி வெளியே எடுத்தேன். முன்சக்கரங்களைக் கழற்றினோம். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குத் தொப்பை, உள்ளே நுழைய முடியாது. அவன் ஒல்லி. அவன்தான் போவது என்று ஏற்கனவே பேச்சு.

மனைவிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவளுக்கு ஒரே தம்பி. அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"ஏங்க, கல்யாணம் வச்சிருக்க பய. அவன அதுக்குள்ள அனுப்பாதீக. கூலிக்கு ஆள் பிடிச்சு விடுங்க."

"கூலிக்கு வர்றவன் யாருக்கும் தம்பி இல்லையா?" என்று கேட்டேன். அது நல்ல பதில் என்று அப்போது தோன்றியது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மச்சினன் உள்ளே போவதற்கு முன்னால், கழற்றிய சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு போய் வலது பக்கம் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்தான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்து வந்து அதன்மேல் அடுக்கினான். டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதானாம். வண்டியைத் தாங்க அல்ல. எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக ஒன்று இருக்கட்டும் என்று.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டை இருப்பதும் வலது பக்கம். அவன் நுழைவதும் வலது பக்கம். வெளியே வர வேண்டியதும் அதே வழி. அங்கே போய் இரண்டு டயரை அடுக்கி வைத்தால்?

"எடுலே அதை! வழியில என்னத்தையாவது போட்டு அடைக்காதன்னு எத்தன தடவ சொல்லுறது?"

"சரி மச்சான்."

நான் குழாயில் வாளியைப் பிடிக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவன் உள்ளே படுத்துச் சுரண்டத் தொடங்கியிருந்தான். நான் இடது பக்கம் நின்றுகொண்டு சோப்புத் தூள் கரைத்த தண்ணீரை மக்கு மக்காக ஊற்றினேன். மண் கட்டி கட்டியாக விழுந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டாவது வாளியும் பிடித்துவந்து ஊற்றினேன்.

சோப்புத் தண்ணீர் விரிப்புக்கு மேலேயும் போனது, அடியிலேயும் போனது. தரை சரிவு. சணல் நனைந்தால் முதலில் இறுகும் என்பது எனக்குத் தெரியும். இறுகிய கட்டு கட்டையின் வழவழத்த விளிம்பில் நழுவும் என்பது தெரியாது. என் பக்கத்து அடுக்கில் நடுக்கட்டை மெதுவாக வெளியே நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த நொடி அடுக்கு பிரிந்து வண்டி இறங்கியது. மறுபக்கத்து அடுக்கும் சாய்ந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

"மாப்ள!"

பதில் இல்லை. என் கையில் மக்கு இருந்தது. ஆபீசில் எந்த அறையில் என்ன ஆனாலும் எனக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும், அதற்குத்தான் சம்பளம். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. கொன்றுவிட்டேன் என்ற ஒரு நினைப்பு மட்டும்தான் இருந்தது.

அப்புறம் அடியிலிருந்து குரல் வந்தது.

"மச்சான், சோப்புத் தண்ணி கண்ணுல போய்ட்டு. அந்த ஜாக்கிய எடுங்க."

ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தேன். வண்டி சக்கரத்தின்மேலும் ஸ்டெப்னியின்மேலும் உட்கார்ந்திருந்தது. அவன் எடுக்கவே இல்லை. நான் திரும்பியதும், என் கண்ணில் படாதபடி கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறான். அவன் நெஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் என் ஒரு கை நுழையும். தோளில் சிராய்ப்பு. கைலி மாட்டிக்கொண்டிருந்ததால் அவனால் நகர முடியவில்லை.

மனைவி வந்துவிட்டாள். கத்தவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பாதத்தைப் பிடித்தபடி ஈரத்தில் உட்கார்ந்தாள். நான் ரப்பரை இழுத்து எறிந்துவிட்டு, வெறும் தரையில் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய் அழுத்தினேன். கிறீச்சென்று இரும்பு உரசியது. பொறி பறந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவன் வெளியே வரும்வரை அவள் பாதத்தை விடவில்லை.

அவன் எழுந்து முகத்தைக் கழுவினான். அவள் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இத யாரு இங்கன வச்சா?"

"மச்சான்தான் வைக்கச் சொன்னாக" என்றான் அவன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரப்பர் விரிப்பைச் சுருட்டத் தொடங்கினேன்.

மறுநாள் போய் நாலு இரும்பு ஸ்டாண்டு வாங்கினேன். வெறும் சிமெண்டுத் தரையில் அவற்றை வைத்து, ஜாக்கியையும் எடுக்காமல், பக்கத்தில் டயர்களையும் அடுக்கி, கூலிக்கு ஆள் எவரையும் பிடிக்காமல், தொப்பையைச் சுருக்கிக்கொண்டு நானே உள்ளே போனேன். விழுந்த மண்ணையெல்லாம் ஒரு தட்டில் போட்டுக் காயவைத்துக் கையால் நொறுக்கிப் பார்த்தேன். சுத்தமான கரிசல் மண். மருந்து ஒரு துளிகூட இல்லை. பட்டறைக்காரர் ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். பாலிஷும் போட்டேன். கார் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டில் மனைவியின் கவனிப்பு கூடியது. சோறு போடும்போதெல்லாம் சொல்வாள்.

"நல்லவேள, நீங்க யோசிச்சு அந்த டயர வைக்கச் சொன்னீக."

மச்சினன் பக்கத்தில் இருந்தால் இலையை விட்டுத் தலையை நிமிர்த்த மாட்டான். கறிக்குழம்பு வைத்த அன்று எனக்கு இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது. அதை அப்படியே இலை ஓரத்தில் ஒதுக்கினேன். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். தினமும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாள். ஒன்பது நாள் இப்படிப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன்மேல் எரிச்சலாகவும் இருந்தது. காப்பாற்றிக்கொண்டதோடு நிற்காமல் என்னையும் ஏன் காப்பாற்றினான்?

ஆபீஸ் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்த டயர நான் வைக்கச் சொல்லல. எடுக்கத்தான் சொன்னேன். அவன் எம்பேச்சக் கேக்கல."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும். அடுப்படி சன்னல் அங்கனதான இருக்கு. நீங்க கத்துனது தெருவுக்கே கேட்டிருக்கும்."

"அப்ப ஏன் தெனமும் அப்படிச் சொன்ன?"

"எம்புட்டு நாளுக்குத் தாங்குறீகன்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மன்னிச்சிரு என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளிடம் அந்தச் சொல்லை அதற்கு முன்னால் சொன்னதாக நினைவில்லை. அவள் கையிலிருந்த மொச்சையை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அவன் ஒங்க மச்சினன். மண்டைய ஆட்டிட்டுக் கேக்காம விட்டுட்டான். ஆபீசுல நீங்க எடுன்னா எடுத்துருவாகள்ல?"

"எடுத்துருவாக" என்றேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பூஜை போட்டு ஆபீசைத் திறந்தோம். மருந்து எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அந்த அக்காவின் அறைக்குப் போனேன். அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என்ன தப்புக் கண்டுபிடிக்க வந்திருக்கிறேனோ என்று முகத்தில் பயம் தெரிந்தது.

"அக்கா, போன சீசன்ல வாசல்ல ஈரச் சாக்கு ஒண்ணு போட்டிருந்தீகளே, எதுக்கு?"

"கால் தொடைக்கத்தான் அண்ணாச்சி. வெளிய நடந்துட்டு வந்தா பாதத்துல மணல் ஒட்டிக்கிடுது. உள்ள வந்து மருந்துல ஒரசிச்சுன்னா வம்பாப் போயிரும்ல."

மணலும் மருந்தும் உரசினால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் அவர்களை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறவன் நான்தான். ஒரு சீசன் முழுக்க அந்த அறைக்குள் ஐந்தாறு பேர் மணல் காலோடு போய்வந்திருக்கிறார்கள்.

"அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீங்க எடுன்னீக" என்றார் அவர். "எடுத்துட்டேன்."